செவ்வாயில் விரிந்த பாராசூட்டும் 1816-ல் நொறுக்கப்பட்ட லேஸ் மெஷினும்... யார் இந்த ஜான் ஹீத்கோட்?

2021 பிப்ரவரி 18. நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாய் கிரகத்தை நோக்கி ஒலியைவிட வேகமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தைக் குறைக்க 21.5 மீட்டர் அகலமுள்ள பாராசூட் ஒன்று விரிந்தது. கிழியவில்லை. சுமார் ஒரு டன் எடையுள்ள ரோவர் பத்திரமாகத் தரையிறங்கியது.

அந்த பாராசூட் துணியை நெய்தது நாசா இல்லை. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டிவர்ட்டன் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே எக்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பழைய ஆலையில்தான் அது தயாரானது. நிறுவனத்தின் பெயர் ஹீத்கோட் ஃபேப்ரிக்ஸ்.

இந்த ஆலை அந்த ஊருக்கு வந்த கதை 200 வருஷத்துக்கு முந்தையது. அதில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது, நள்ளிரவுத் தாக்குதல் இருக்கிறது, தூக்குத் தண்டனைகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் காரணமான பொருள் என்ன தெரியுமா? லேஸ். ஆமாம், பாவாடை ஓரத்திலும் ஜாக்கெட் கையிலும் வைத்துத் தைக்கிறோமே, அதே லேஸ்தான்.

ஒரு இயந்திரம் வரும்போது யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கேள்வி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜான் ஹீத்கோட்டின் வாழ்க்கை அதற்கு ஒரு நல்ல பாடம். முழுக் கதையைப் பார்க்கலாம்.

லேஸ் என்றால் என்ன? அது ஏன் அவ்வளவு விலை?

முதலில் ஒரு விஷயம். லேஸ் என்பது நெய்யப்படும் துணி கிடையாது. தறியில் நெய்யும்போது பாவு நூல் நீளவாக்கில் இருக்கும், ஊடை நூல் அதற்குக் குறுக்கே போகும். லேஸில் அப்படி இல்லை. நூல்களை ஒன்றோடொன்று முறுக்கி, பின்னி, நடுவில் வேண்டுமென்றே ஓட்டை விட்டு உருவாக்குவது லேஸ். துணியைவிட ஓட்டைதான் அங்கே அழகு.

ஐரோப்பாவில் 16-ம் நூற்றாண்டில் இந்தக் கலை வளர்ந்தது. இத்தாலியின் வெனிஸும், இன்றைய பெல்ஜியம் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியும் இதற்குப் பேர்போனவை. ஊசியால் செய்வது ஒரு வகை. பாபின் வைத்துப் பின்னுவது இன்னொரு வகை. இலங்கைத் தமிழில் லேஸை ரேந்தை என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். கடல் வழியாக இந்தக் கலை எவ்வளவு தூரம் பயணித்தது என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி.

ஹீத்கோட் கதைக்குத் தேவையானது பாபின் லேஸ். ஒரு கெட்டியான திண்டை மடியில் வைத்துக்கொள்வார்கள். அதன் மேல் வடிவம் குத்தப்பட்ட தோல் தாள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குண்டூசி. ஒவ்வொரு நூலின் நுனியிலும் மரத்தாலோ எலும்பாலோ செய்த சின்னக் குச்சி தொங்கும். அதுதான் பாபின். இரண்டு கைகளாலும் பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டு, நூலை முறுக்கி, ஊசியைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். அகலமான லேஸ் என்றால் நூற்றுக்கணக்கான பாபின்கள் திண்டில் தொங்கும்.

இங்கிலாந்தில் பக்கிங்ஹாம், பெட்ஃபோர்ட், டெவன் பகுதிகளில் பல்லாயிரம் பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். ஐந்து, ஆறு வயதிலேயே சிறுமிகளை லேஸ் பள்ளி என்ற பெயரில் நடந்த இடங்களில் உட்கார வைத்துவிடுவார்கள். பெயர்தான் பள்ளி, நாள் முழுக்க நடந்தது பின்னல் வேலை.

பூ வேலைப்பாட்டைவிட, அதைத் தாங்கும் வலை போன்ற பின்னணிதான் ரொம்ப நேரம் எடுக்கும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு குட்டி அறுகோணம், தேன்கூடு மாதிரி. டெவனின் ஹானிட்டன் ஊரில் இந்த வலைக்கு எப்படி விலை போட்டார்கள் என்று ஒரு பிரபலமான கதை உண்டு. வலையை மேசையில் விரித்து, அது முழுக்க மறையும் அளவுக்கு ஷில்லிங் நாணயங்களை அடுக்குவார்களாம். எத்தனை நாணயம் பிடிக்கிறதோ அதுதான் கூலி!

அதனால் லேஸ் என்பது ராஜா வீட்டுப் பொருளாக இருந்தது. பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயியின் அமைச்சர் கோல்பேர், லேஸ் இறக்குமதிக்குப் போகும் பணத்தைத் தடுக்க 1665-ல் அரசு ஆதரவில் லேஸ் தொழிலையே தொடங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த ஜான் ஹீத்கோட்?

1783 ஆகஸ்ட் 7-ல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் டஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தவர் ஹீத்கோட். அப்பா சாதாரண விவசாயி. பையன் நன்றாகத்தான் படித்தான். ஆனால் பள்ளியிலிருந்து சீக்கிரமே நிறுத்தி, காலுறை பின்னும் இயந்திரங்களைச் செய்கிற ஒரு பட்டறையில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் பகுதியே காலுறை பின்னலுக்குப் பேர்போனது. 1589-ல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தது அதே பக்கத்தில், நாட்டிங்ஹாமுக்கு அருகே உள்ள கால்வர்ட்டனில்தான். வீட்டுக்கு வீடு அந்த இயந்திரத்தின் சத்தம். பழுது பார்க்க, புதிதாகச் செய்ய ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. இளம் ஹீத்கோட் இரும்பையும் ஊசியையும் நெம்புகோலையும் கைபோலப் பழகியது அங்கேதான்.

அப்போது அந்த ஊர் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் ஒரே கனவு. பெண்கள் திண்டில் பின்னும் லேஸ் வலையை மெஷினில் செய்ய முடியுமா? பலர் முயன்றார்கள். காலுறை இயந்திரத்தையே மாற்றி வலை மாதிரி ஒன்றைச் செய்தும் காட்டினார்கள். ஆனால் அதில் ஒரு பெரிய குறை. அது முடிச்சு வளையங்களால் ஆனது. ஸ்வெட்டரில் ஒரு நூல் அறுந்தால் மடமடவென்று பிரியுமே, அந்தக் கதைதான். கையால் பின்னிய லேஸில் நூல்கள் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற கண்ணிகள் அப்படியே நிற்கும்.

இந்த முறுக்கை எப்படி மெஷினுக்குள் கொண்டுவருவது? அதைத்தான் யாராலும் செய்ய முடியவில்லை.

லேஸைப் பிரித்துப் பார்த்த இளைஞன்

ஹீத்கோட் செய்தது எளிமையான ஒரு காரியம். கையால் பின்னிய லேஸ் துண்டு ஒன்றை எடுத்தார். நூல் நூலாகப் பிரித்தார். ஒவ்வொரு நூலும் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று தடம் பிடித்தார். லேஸ் பின்னும் பெண்களின் கை அசைவையும் கவனித்தார்.

பார்க்கக் குழப்பமாக இருந்த அந்தப் பின்னலில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. நூல்களில் ஒரு பாதி நீளவாக்கில் நேராக இறங்குகிறது. மறுபாதிதான் சாய்வாகப் போய், நேர் நூல்களைச் சுற்றி முறுக்கிக்கொள்கிறது. அப்படியென்றால் எல்லா பாபினையும் அசைக்கத் தேவையில்லை. பாதியைத் தறியின் பாவு மாதிரி நிலையாகக் கட்டிவிடலாம். மீதிப் பாதியை மட்டும் அசைத்தால் போதும்.

இதுலதான் விஷயமே இருக்கு. ஒரு அங்குல அகலத்துக்குள் ஏகப்பட்ட பாபின்கள் நகர வேண்டும். குச்சி வடிவ பாபின் என்றால் ஒன்றோடொன்று இடிக்கும். எனவே பாபினையே மெல்லிய உலோக வட்டாக மாற்றினார். காசு போலத் தட்டையாக, நடுவில் நூல் சுற்றிய வட்டு. இன்றைய தையல் மெஷின் பாபினை இன்னும் தட்டையாக நசுக்கியது போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டும் ஒரு சின்ன வண்டியில் உட்கார்ந்திருக்கும். அந்த வண்டி பாவு நூல்களுக்கு இடையே ஊஞ்சல் போல முன்னும் பின்னும் போய்வரும். ஒவ்வொரு முறையும் பக்கத்து இடத்துக்கு நகரும். நூல் பாவைச் சுற்றி முறுக்கும். அறுகோணக் கண்ணி தானாக உருவாகும்.

சொல்வது சுலபம். செய்து முடிக்க வருஷக்கணக்கானது. 1802-ல் ஹாதர்ன் ஊரைச் சேர்ந்த ஆன் என்பவரைத் திருமணம் செய்திருந்தார். குடும்பச் செலவு ஒரு பக்கம், முடியாத ஆராய்ச்சி ஒரு பக்கம். ஹீத்கோட்டின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு சனிக்கிழமை இரவு, மெஷின் ஓடுமா என்று ஆன் கேட்டாராம். இல்லை, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும் என்று பதில் வந்ததும் அவர் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். சில வாரங்கள் கழித்து, மெஷினில் பின்னிய முதல் லேஸ் துண்டைக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்தார் ஹீத்கோட்.

1808-ல் முதல் காப்புரிமை. 1809-ல் மேம்படுத்தப்பட்ட இயந்திரத்துக்கு அடுத்த காப்புரிமை. பாபின்நெட் என்று பெயர். அப்போது அவருக்கு வயது 25. லஃப்பரோ என்ற ஊரில் ஆலை தொடங்கினார்.

விலை எவ்வளவு குறைந்தது?

ஸ்மைல்ஸ் தரும் கணக்கு இது. தொடக்கத்தில் ஒரு சதுர கஜம் லேஸ் வலையின் விலை 5 பவுண்டு. அடுத்த 25 ஆண்டுகளில் அதே அளவு வலை சுமார் 5 பென்ஸுக்கு வந்துவிட்டது. அந்தக்கால பிரிட்டன் நாணயத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அதாவது விலை 240-ல் ஒரு பங்காகச் சரிந்தது. 240 ரூபாய் சாமான் ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது போல.

மகாராணி தலையில் மட்டும் இருந்த வலைத்துணி, வேலைக்காரப் பெண்ணின் தொப்பியிலும் கொசுவலையிலும் ஜன்னல் திரையிலும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஆனால், அதே காசை எண்ணிக் கூலி வாங்கிய கைகளுக்கு என்ன ஆனது? அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் 1816-ம் ஆண்டு ஜூன் மாத இரவுக்குப் போக வேண்டும்.

1816 ஜூன் 28: அந்த இரவில் நடந்தது என்ன?

1811-லிருந்தே நாட்டிங்ஹாம் பகுதி கொதித்துக்கொண்டிருந்தது. நெப்போலியனோடு நடந்த போரால் வியாபாரம் முடங்கியது. ரொட்டி விலை ஏறியது, கூலி இறங்கியது. தொழிலாளர் சங்கம் வைப்பது சட்டப்படி குற்றம். பேச்சுவார்த்தைக்கு வழியில்லாத தொழிலாளர்கள் இரவில் கூட்டமாகப் போய் இயந்திரங்களை உடைத்தார்கள். நெட் லட் என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் மிரட்டல் கடிதம் அனுப்பினார்கள். லட்டைட்டுகள் என்ற பெயர் அப்படி வந்தது.

அரசு ராணுவத்தை இறக்கியது. இயந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று 1812-ல் சட்டம் கொண்டுவந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சிலேயே அந்த மசோதாவை எதிர்த்தார். பலன் இல்லை.

1816-க்குள் போராட்டம் ஓரளவு அடங்கியிருந்தது. ஆனால் ஹீத்கோட்டின் லஃப்பரோ ஆலையில் கூலி விவகாரம் புகைந்துகொண்டிருந்தது. ஜூன் 28 இரவு, துப்பாக்கியும் சுத்தியலும் கோடரியுமாக முகத்தை மறைத்த ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. ஜான் ஆஷர் என்ற காவலாளி சுடப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். 50-க்கும் மேற்பட்ட லேஸ் இயந்திரங்கள் நொறுக்கப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடைத்தவர்கள், மெஷினால் வேலை இழந்த லேஸ் பின்னும் பெண்கள் அல்ல. அவர்களுக்குப் பின்னால் இருந்தது காலுறை, லேஸ் மெஷின் தொழிலையே நம்பிய ஆண்களின் கோபம். அவர்களுக்கு மெஷின் மேல் வெறுப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் மெஷினை ஓட்டித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிரச்னை கூலி. முதலாளிக்கு வலிக்கிற இடம் எது என்று பார்த்து அடித்தார்கள்.

விளைவு பயங்கரமாக இருந்தது. ஜேம்ஸ் டவுல் என்பவர் பிடிபட்டு, 1816 நவம்பரில் லெஸ்டரில் தூக்கிலிடப்பட்டார். கூட இருந்தவர்களில் சிலர் அப்ரூவராக மாறினார்கள். 1817 ஏப்ரலில் அதே ஊரில் மேலும் 6 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வேறு சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். லட்டைட் போராட்டம் கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது.

10 ஆயிரம் பவுண்டை வேண்டாம் என்றவர்

நஷ்டஈடு கேட்டு ஹீத்கோட் வழக்குப் போட்டார். 10 ஆயிரம் பவுண்டு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனால் உள்ளூர் அதிகாரிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அந்தப் பணத்தை அதே மாவட்டத்தில்தான் செலவு செய்ய வேண்டும் என்றார்கள். ஹீத்கோட் மறுத்துவிட்டார்.

ரோஷத்தில் ஊரைவிட்டுப் போனார் என்று கதை சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். தாக்குதலுக்கு முன்பே தெற்கே டெவனில் உள்ள டிவர்ட்டனில் ஒரு பெரிய ஆலையை அவர் வாங்கியாகிவிட்டது. கம்பளித் தொழில் நசிந்து, வேலையில்லாமல் கிடந்த ஊர் அது. எக்ஸ் ஆறு ஓடியதால் தண்ணீர்ச் சக்கரத்தில் இயந்திரம் ஓட்டலாம். கையால் ஓட்டும் மெஷினை ஆற்று விசையில் ஓட்டுவது அவருடைய அடுத்த திட்டம். லஃப்பரோ தொழிலாளர்களின் கோபத்துக்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தாக்குதல் அந்த முடிவை உறுதியாக்கியது.

லஃப்பரோ தொழிலாளர்களில் பலர் அவரோடு கிளம்பினார்கள். ரயில் இல்லாத காலம். மூட்டை முடிச்சோடு, பிள்ளைகுட்டிகளோடு, ஏறத்தாழ 200 மைல் தூரத்தை நடந்தே கடந்ததாக டிவர்ட்டனில் இன்றும் சொல்கிறார்கள். 320 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்கு நடந்து போவது போல.

லஃப்பரோ தன் பெரிய ஆலையை இழந்தது. டிவர்ட்டனுக்கு வாழ்வு வந்தது. ஒரே இயந்திரம், ஓர் ஊருக்கு இறக்கம், இன்னோர் ஊருக்கு ஏற்றம்.

காப்புரிமை முடிந்ததும் வந்த பைத்தியம்

1823-ல் ஹீத்கோட்டின் காப்புரிமைக் காலம் முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் இந்த மெஷினைச் செய்யலாம். நாட்டிங்ஹாமில் அடுத்த இரண்டு வருஷம் நடந்தது நம்ம ஊர் ஈமு கோழிக் கதையை நினைவுபடுத்தும். பாதிரியார், டாக்டர், கடைக்காரர் என்று எல்லாரும் லேஸ் மெஷினில் பணத்தைப் போட்டார்கள். உற்பத்தி எகிறியது, விலை விழுந்தது. 1825 வாக்கில் குமிழி வெடித்தது. கடன் வாங்கி மெஷின் வாங்கியவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

இதற்கிடையே தொழில்நுட்பம் கடல் தாண்டிவிட்டது. லேஸ் மெஷினை வெளிநாட்டுக்கு அனுப்ப பிரிட்டன் தடை போட்டிருந்தது. இருந்தும் 1816 வாக்கிலேயே பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு மெஷின்களைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் சில நாட்டிங்ஹாம்காரர்கள். கலே பின்னாளில் உலகின் பெரிய லேஸ் நகரங்களில் ஒன்றானது. ஹீத்கோட்டின் இயந்திரத்தை ஜான் லீவர்ஸ் என்பவர் 1813-ல் மேம்படுத்தினார். பிறகு ஜக்கார்டு அட்டை முறையும் அதில் சேர்ந்தது. வெறும் வலை மட்டுமில்லை, பூ வேலைப்பாடும் மெஷினிலேயே வர ஆரம்பித்தது.

எம்.பி. ஆன மெக்கானிக்

1832-ல் டிவர்ட்டன் மக்கள் ஹீத்கோட்டை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1859 வரை, 27 வருஷம் எம்.பி. அதே தொகுதியின் இன்னொரு உறுப்பினராக நெடுங்காலம் இருந்தவர், பின்னாளில் பிரதமரான பால்மர்ஸ்டன் பிரபு. நீராவியால் ஓடும் ஏர், பட்டு நூல் எடுக்கும் முறை என்று வேறு கண்டுபிடிப்புகளிலும் ஹீத்கோட் இறங்கினார். ஆலைக் குழந்தைகளுக்காக அவர் கட்டிய பள்ளி 1843-ல் திறக்கப்பட்டது. 1859-ல் ஓய்வு பெற்றபோது 1,300 தொழிலாளர்கள் சேர்ந்து வெள்ளி மைக்கூடும் தங்கப் பேனாவும் பரிசளித்தார்கள். 1861 ஜனவரியில், 77 வயதில் காலமானார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

மெஷினில் வந்த வெறும் வலையில் பூ போடவும், ஓரம் வெட்டவும், நூல் உருவவும் ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் தேவைப்பட்டார்கள். வீட்டிலேயே, மெழுகுவத்தி வெளிச்சத்தில், அற்பக் கூலிக்கு. கண் பார்வை போனவர்கள் நிறைய பேர். ரொம்பச் சின்னக் குழந்தைகள்கூட லேஸ் வேலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை 1840-களில் பிரிட்டன் அரசின் குழந்தைத் தொழிலாளர் ஆணையமே பதிவு செய்தது.

1833-ல் துணி ஆலைகளில் குழந்தைகளின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது லேஸ் ஆலைகளுக்கு விலக்கு கிடைத்தது. லேஸ் ஆலைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது 1861-ல். ஹீத்கோட் இறந்த அதே வருஷம்.

திண்டில் பின்னிய பெண்கள் என்ன ஆனார்கள்?

அவர்கள் எந்த மெஷினையும் உடைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகவில்லை. அதனால் அவர்கள் கதை பெரிதாகப் பதிவாகவும் இல்லை.

வலை பின்னும் வேலை முதலில் போனது. ஷில்லிங்கை அடுக்கிக் கூலி கொடுத்த காலம் மலையேறியது. ஹானிட்டன் பெண்கள் பூ, இலை போன்ற சின்ன வடிவங்களை மட்டும் கையால் பின்னி, மெஷின் வலையின் மேல் வைத்துத் தைக்கத் தொடங்கினார்கள். 1840-ல் விக்டோரியா மகாராணியின் கல்யாணத்துக்கு டெவனில் பீர் என்ற கடலோரக் கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் லேஸ் செய்தார்கள். நொடித்துப்போன தொழிலுக்குக் கைகொடுக்கத்தான் மகாராணி அதைத் தேர்ந்தெடுத்தார். அந்த முக்காட்டில்கூட பூக்கள்தான் கைவேலை. கீழே இருந்தது மெஷின் வலை.

தமிழ் மண்ணுக்கு என்ன தொடர்பு?

இங்கிலாந்தில் கை லேஸ் தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அது வேரூன்றிய இன்னோர் இடம் நாகர்கோவில். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், 1820-களில் தன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசாவைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் இருக்கும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல்லின் மனைவி. அவர் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இதே வேலையைப் பெண்களுக்குப் பழக்கினார்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியக்கூடப் போராட வேண்டியிருந்த காலம் அது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் ஒழிந்தது. அதற்கு முன், அடிமையாக இருந்த சில பெண்கள் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷனரிப் பதிவுகள் சொல்கின்றன. டெவனில் ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறித்த அதே காலம், நாகர்கோவிலில் இன்னொரு பெண்ணுக்குச் சொந்தக் காசைக் கொடுத்தது.

அதற்காக எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று நினைத்துவிட முடியாது. ஆந்திராவின் நரசாபுரம் பகுதியில் வீட்டிலிருந்தே குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுக்கப் பின்னினாலும் அதை ஓய்வு நேர வேலை என்று சொல்லியே கூலியைக் குறைக்கிறார்கள் என்பது அவர் கண்டது. மெஷின் இல்லாத இடத்திலும் கூலிப் பிரச்னை தீரவில்லை.

ஹீத்கோட் கதையில் வில்லன் யார்?

சுலபமாக விடை சொல்ல முடியாது. ஹீத்கோட் திருடவில்லை. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தார், தாக்கப்பட்டார், தன்னோடு வந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். தூக்கில் தொங்கியவர்களும் ரத்தவெறி பிடித்தவர்கள் இல்லை. சங்கமாகப் பேச முடிந்திருந்தால் அவர்களில் பலர் சுத்தியலைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் நேராகாமல் நிற்கிறது. ஹீத்கோட் பிரித்துப் பார்த்த அந்த லேஸ் துண்டைப் பின்னியது ஏதோ ஒரு பெண்ணின் கை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருந்த முறுக்கைத்தான் மெஷின் கற்றுக்கொண்டது. காப்புரிமை மெஷினுக்குக் கிடைத்தது. நஷ்டஈட்டுத் தீர்ப்பு உடைந்த இரும்புக்குக் கிடைத்தது. வேலை போன பெண்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று எந்தக் கோர்ட்டிலும் யாரும் கேட்கவில்லை.

மனிதர்கள் செய்த வேலையைப் பார்த்துப் படித்துத்தான் இன்றைக்கு ஏ.ஐ.யும் எழுதவும் வரையவும் கற்றுக்கொள்கிறது. விலை குறையும், நிறைய பேருக்குப் போய்ச் சேரும் என்கிறார்கள். 200 வருஷத்துக்கு முன் லேஸ் விஷயத்தில் அது நடந்தது, பொய்யில்லை. குறைந்த விலையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த முறையாவது எண்ணலாம்.

டிவர்ட்டனில் எக்ஸ் ஆற்றங்கரையில் அந்த ஆலை இன்னும் ஓடுகிறது, வாசலில் ஹீத்கோட் பெயரோடு. கொஞ்ச தூரத்தில், ஹானிட்டனில் உள்ள ஆல்ஹாலோஸ் அருங்காட்சியகத்தில் கையால் பின்னிய பழைய லேஸ்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். பின்னியவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் அதில் இல்லை.